நாற்பத்தொரு முறை ‘ஆம்’

மென்பொருள் எழுதுகிறவனுக்குத் தன் மென்பொருள் எந்த இடத்தில் கெடும் என்று தெரியாது. அதைப் பாவிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். ஏன் திறக்கமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அது தெரிந்த ஒருவன் செய்த காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். நுவரெலியாவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் மூன்று பேர், நான்கு கம்பியூட்டர், எந்நேரமும் கீழேயிருந்து வரும் பெயின்ட் வாசனை. தேயிலைத் தோட்டத்து ஒபிஸ்களுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள், ஸ்டோரிலிருந்து என்ன போனது என்பதெல்லாம் அதில் பதியும். ஒன்பது தோட்டங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்கு எங்கள் பொஸ், அவர் ஒரு சிங்கள மனிதர், வெளிநாட்டுக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். பழைய பதிப்பு அதிகம் பேசாது. எந்தத் திரை திறக்க எத்தனை விநாடி எடுத்தது என்பதை மட்டும் சொல்லும். பிறகு புதிய பதிப்பு சீடீயில் வந்தது. அதில் மூன்று மாற்றங்கள். புரோகிராம் நின்றுபோனால் எந்த வரியில் நின்றது என்று கருவியே பிடித்து எங்களுக்கு அனுப்பும். அந்த நேரத்தில் கம்பியூட்டருக்கு முன்னால் யார் இருந்தார் என்று பெயரோடு எழுதும். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கும்: இந்தக் கோளாறை அறிவிக்கவா? ஆம், இல்லை. கீழே ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது நின்றது என்று எழுதுவதற்கு.

எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் சந்தோஷம். ஒன்பது தோட்டத்துக்கும் பஸ் பிடித்துப் போய், ஒவ்வொரு கம்பியூட்டரிலும் நானே ஏற்றிவிட்டு வந்தேன்.

முதல் மாதம் ஒரு கோளாறும் வரவில்லை. ஒன்றுகூட இல்லை. அறிக்கை வெள்ளைத் தாளாக வந்தது. பொஸ் சிரித்தார், நம்முடைய புரோகிராம் அவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுதிய புரோகிராம், எனக்குத் தெரியாதா? மாதக் கடைசியில் அது மலையேறும் லொறி மாதிரி நின்று நின்று போகும். எல்லாரும் ‘இல்லை’யை அமுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காரணத்தை நான் தேட வேண்டியதில்லை, நான் பிறந்ததே தோட்டத் தொழிலாளர் லயத்தில். என் அப்பா மருந்தடிக்கிற வேலை. ஒருநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, முதுகில் சுமக்கிற மருந்து டாங்கி ஒழுகுகிறது என்று மேற்பார்க்கும் கண்டாக்கிடம் சொன்னார். அதற்குக் கிடைத்த முதல் கேள்வி, நீ அதை என்ன செய்தாய் என்பது. மூன்று நாள் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. நான்காம் நாள் அதே டாங்கியை, முதுகில் ஒரு உரப் பையை மடித்துக் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் சுமந்தார். முதுகுத் தோல் உரிந்து அம்மா எண்ணெய் தடவியதை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் கெட்டுப்போன சாமான் என்று ஒன்று கிடையாது. கெடுத்தவன்தான் உண்டு. யார் முதலில் சொல்கிறானோ அவன்தான் கெடுத்தவன்.

இதை நான் பொஸ்ஸுக்கு விளக்கியிருக்கலாம். என் அப்பாவின் முதுகை அந்த மாடிக்குக் கொண்டுவர எனக்கு வெட்கமாக இருந்தது. அங்குள்ளவர்களுக்கு இங்கிலீஷ் விளங்காது என்று சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். அந்தப் பொய்யில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. சொல்லும்போது நான் ‘அவர்களில்’ ஒருவன் இல்லை.

அந்தச் சமயம் பெரிய கம்பெனி ஒன்று தன் எல்லாத் தோட்டங்களுக்கும் எங்கள் புரோகிராமை எடுக்க யோசித்தது. கோளாறு வந்தால் நாங்கள் கண்டுபிடித்துத் திருத்துகிறோம் என்று காட்ட வேண்டும். காட்டினால் வேலை எங்களுக்கு, அவர்களுடைய கொழும்பு ஒபிஸில் ஓர் இடம் எனக்கு. ஒரு தோட்டத்திலாவது ‘ஆம்’ அமுக்க வை என்றார் பொஸ்.

நான் எங்கள் தோட்டத்துக்கே போனேன், ராகலைக்கு மேலே. அங்கே ஒபிஸில் கம்பியூட்டருக்கு இருந்தவள் எங்களுக்குப் பக்கத்து லயத்துப் பெண், எனக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவள். ஏ.எல். பாஸ் பண்ணி, எங்கள் லயங்களிலிருந்து அந்த ஒபிஸில் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். அவளுடைய அம்மா கொழுந்துக்குப் போகும்போது ஒபிஸ் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவாள் என்று லயத்தில் கேலி பண்ணுவார்கள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். பிழை புரோகிராமினுடையது, உன்னுடையது இல்லை. நீ சொன்னால்தான் என்னால் திருத்த முடியும் என்றேன். அவள் திரையைப் பார்த்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணே, இதுல ஏம் பேரு போகுமா?”

போகும். அது எனக்குத் தெரியும். பெயரை மறைப்பதற்கு அந்தப் பதிப்பில் ஓர் இடம் இருந்ததும் தெரியும். ஓர் அடையாளம் போட்டால் போதும், பெயர் இருக்கிற பத்தி வெறுமையாகிவிடும். வெறுமையாக இருந்தால் அறிக்கை பார்க்க நன்றாக இராது.

“போகாது தங்கச்சி” என்றேன்.

அந்த மாதம் நாற்பத்தொரு கோளாறு வந்தது, நாற்பத்தொன்றும் அவளிடமிருந்து. அவள் சும்மா ‘ஆம்’ அமுக்கவில்லை. சின்னப் பெட்டியில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, என்ன செய்தாள், எந்த இடத்தில் நின்றது, மறுபடி செய்தால் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள். மாதக் கடைசியில் ஏன் நிற்கிறது என்று நான் ஒன்றரை வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு வரியில் எழுதியிருந்தாள்: கல்யாணம் முடித்துக் கீழ் டிவிசனிலிருந்து மேல் டிவிசனுக்குப் போன பெண்களின் பெயர் இரண்டு இடத்திலும் இருக்கிறது, அப்படியான ஒரு பெயர் வந்தால் நிற்கிறது. போய்ப் பார்த்தேன், அதேதான். அரை மணித்தியாலத்தில் திருத்தினேன். மற்றவற்றையும் அப்படியே திருத்தினேன். புரோகிராம் உண்மையிலேயே ஓட ஆரம்பித்தது.

ஹட்டனில் கூட்டம் நடந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள், ஒன்பது தோட்டத்தையும் நிர்வகிக்கிற துரைமார், மேசை நிறைய கேக்கும் தேத்தண்ணியும். நான் முதல்முறையாக டை கட்டியிருந்தேன். கருவி தயாரித்த அறிக்கையைச் சுவரில் போட்டேன். கருவி எல்லாவற்றையும் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கும். மேலே சிவப்புக் கட்டத்தில் அவள் பெயர், பக்கத்தில் நாற்பத்தொன்று. கீழே எட்டுப் பெயர்கள் பச்சையில், எல்லாம் பூச்சியம்.

எங்கள் தோட்டத்துத் துரையைப் பார்த்து மற்றத் துரைமார் சிரிக்க ஆரம்பித்தார்கள். உன் ஒபிஸில் இருக்கிற பெட்டை நாற்பத்தொரு தரம் உடைத்திருக்கிறாளே என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டார். துரையின் முகம் சிவந்தது. கம்பெனிக்காரர்களில் மூத்தவர் என் பக்கம் திரும்பி, இது புரோகிராமின் பிழையா, அந்த ஆளின் பிழையா என்று நேராகவே கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் நாற்பத்தொரு பிழையும் என் தலையில் விழும், திருத்தியாகிவிட்டது என்பது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் ஏறாது. வேலை போகும், கொழும்பும் போகும். நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் யோசிக்கவில்லை.

“ட்ரெய்னிங் பத்தாது சேர்” என்றேன்.

மூத்தவர் தலையாட்டினார். துரை தன் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் அடுத்த படத்தைப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளை ஒபிஸிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சொன்னவர் அங்கிருந்த பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்து மனிதர். புதுப் பெடியன் ஒருவனைப் போட்டிருக்கிறது, அவனுக்குக் காட்டிக் கொடுக்க வர வேண்டும் என்று போன் எடுத்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “அவள் நல்ல பிள்ளை தம்பி. நான் என்ன செய்யிறது? துரை ஒரு பேப்பரைக் கொண்டுவந்து காட்டுறார், அதில அவளின்ர பேர் கிடக்கு.” பேப்பர் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

நான் போனேன். புதுப் பெடியனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கோளாறு என்று பெட்டி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ‘இல்லை’ அமுக்குவேன் சேர் என்றான், கெட்டிக்காரன்.

வெளியே வந்தபோது அவள் ஒபிஸ் வாசலில் நின்றாள். காலில் றப்பர் சப்பாத்து, இடுப்பில் கொழுந்தெடுக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கு. கொழுந்து நிறுக்க வந்த வழியில் என்னைக் கண்டிருக்கிறாள். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். ஹட்டனில் ஒரு கடையில் கம்பியூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கிறார்களாம். தாளில் இங்கிலீஷில் நான்கு வரி, அவளே எழுதியது. பிழைகள் புரோகிராமினுடையவை, அவற்றைக் கண்டு அறிவித்தவர் இவர். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

நான்கு வரியிலும் ஒரு பிழை இல்லை. நான் தேடிப் பார்த்தேன். பிறகு, கம்பெனித் தலைப்புத் தாளில் இருந்தால்தான் செல்லும், அடுத்த கிழமை அடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். “ஏலாதுன்னா ஏலாதுன்னு சொல்லிருங்கண்ணே. நான் அந்தக் கடைக்காரங்கள காக்க வைக்கக் கூடாதுல்ல.”

“கொண்டு வாறேன்” என்றேன்.

பொஸ்ஸிடம் அந்தத் தாளைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினால் அவர் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பயத்தில்தான் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் பெரிய கம்பெனிக்காரர்கள் என்னை நேர்முகத்துக்குக் கொழும்புக்கு அழைத்தார்கள், குளிரூட்டிய அறை, மூன்று பேர் எதிரில். நீங்கள் கண்டுபிடித்ததில் ஆகக் கஷ்டமான கோளாறு எது என்று கேட்டார்கள். கல்யாணம் முடித்து ஒரு டிவிசனிலிருந்து இன்னொன்றுக்குப் போன பெண்களின் பெயர் இரண்டு இடத்தில் இருந்ததைச் சொன்னேன். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது கருவி காட்டுகிற விஷயம் இல்லையே, எப்படிப் பிடித்தீர்கள் என்றார்.

நான் லயத்தில் பிறந்தவன், எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன்.