ராலிட்சாவின் ஐந்தாவது ஆசிரியை

முப்பத்திரண்டு வயதைத் தாண்டினால் அந்தப் பாட்டுப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். போட்டி மே மாதம். ராலிட்சா தோனெவாவுக்கு ஆகஸ்டில் முப்பத்து மூன்று. ரூஸே நகரின் ஆப்பராவில், குழுப்பாடகர்களின் இரண்டாவது வரிசை இடது ஓரத்தில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறாள். தனிப்பாடகி ஆக அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி இந்தப் போட்டி.

பதினான்கு ஆண்டுகளில் நான்கு ஆசிரியர்கள். முதலாமவர் வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னார். இரண்டாமவர் வெளியே தள்ளச் சொன்னார். மூன்றாமவர் வயிற்றை மறந்து முதுகால் மூச்சு விடச் சொன்னார். நான்காமவர், அவளுடையது உச்சக்குரலே இல்லை என்று இரண்டு ஆண்டுகள் தாழப் பாடவைத்தார். முதல் நாள் நால்வரும் கேட்டது ஒரே கேள்வி: "உன்ன இப்படிக் கெடுத்தது யாரு?"

பிப்ரவரியில் தலைநகர் சோஃபியாவுக்குப் பஸ் ஏறினாள். அங்கே வெனெத்தா கரமிஹோவாவிடம் போனால் பழுதான குரலும் தேறிவிடும் என்று பேச்சு. குழுவில் அடிக்குரல் பாடும் காமென் வழியனுப்ப வந்தான்.

"அஞ்சாவதா? எங்க அக்காவே மூணு புருஷனோட நிறுத்திக்கிட்டா."

"அவசரப்பட்டுட்டாங்க," என்றாள் ராலிட்சா.

கையில் ஏழு கார்னேஷன் பூக்கள். வழியில் ஒன்று ஒடிந்தது. மீதி ஆறு; இரட்டைப்படையில் பூவை அங்கே கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்கள். இன்னொன்றையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கரமிஹோவா பூக்களைப் பியானோமேல் வைத்துவிட்டுப் பாடச் சொன்னார். இரண்டு வரியில் நிறுத்தினார்.

"போதும்மா. உன்ன இப்படிக் கெடுத்தது யாரு?"

"மேடையில கேட்டுப் பாருங்க மேடம்," என்று ராலிட்சா போன வருடம் ஒரு விழாவில் பாடிய பதிவைக் கைபேசியில் ஓடவிட்டாள். கரமிஹோவா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவு முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கியது. பதினெட்டு வயதில், எந்த ஆசிரியரிடமும் போகுமுன், சித்தி கல்யாணத்தில் அவள் பாடியது. பின்னால் தட்டுகளின் சத்தம்.

ராலிட்சா அதை நிறுத்தப் போனாள். கரமிஹோவா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முழுதும் கேட்டார்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"எங்க ஊருதான் மேடம்."

"நாளைக்கே என்கிட்ட அனுப்பு. வேற எவன்கிட்டயாவது போய்த் தொலையப் போறா."

"அவ இப்பப் பாடுறதில்ல."

"அடப்பாவமே. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம். பாட்டு கத்துக்கப் போனா."

கரமிஹோவா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ராலிட்சாவின் விஷயத்துக்கு வந்தார். "ஆறு மாசம் ஒரு பாட்டும் கூடாது, மூச்சு மட்டுந்தான். வயித்த உள்ள இழு."

"குழுவுல நின்னாகணுமே மேடம்."

"வாய மட்டும் அசை. அம்பது பேர்ல யாருக்குத் தெரியப்போகுது?"

ஊர் திரும்பியதும் ஆப்பராவின் சிற்றுண்டி அறையில் நடந்ததையெல்லாம் சொன்னாள். காமென் கேட்டான். "அது நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நம்பியிருக்க மாட்டாங்க," என்றாள். தட்டிலிருந்த பானித்சா என்ற பாலாடைக்கட்டி அடையைப் பிய்த்துக்கொண்டே, "நம்பியிருந்தா இன்னும் மோசம்," என்றாள்.

போட்டிக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. கரமிஹோவாவிடம் முதல் வகுப்பு வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.