ஈஸ்வரி அக்காவின் வரி

காலையில் மகள் கைபேசியை நீட்டினாள். ஈஸ்வரி அக்காவின் மரண அறிவித்தல். "நீங்களும் ரெண்டு வரி எழுதுங்கோ அம்மா" என்றாள். விரலை வைத்தேன். 'ஈ' ஒரு தொடுகையில் விழுந்தது. எனக்கு டீசல் மணத்தது.

அந்த மணம் எங்கள் சங்கக் கொட்டிலின் ஜெனரேற்றருடையது. போரில் விட்டுவந்த காங்கேசன்துறைக் காணிகளுக்குத் திரும்பக் காத்திருந்தவர்களின் பெயர்களை அங்கேதான் கணினியில் அடித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். விசைப்பலகையின் ஆங்கில எழுத்தெல்லாம் எனக்குப் படம். ஏணி போலிருப்பதை அமத்தினால் 'ர்' வரும், அவ்வளவுதான் என் படிப்பு.

காணி அலுவலகத்துக்குப் பட்டியலை எக்ஸ்எம்எல் என்ற கோப்பாகக் கொடுக்கவேண்டும். அன்று அது திறக்க மறுத்தது. ஈஸ்வரி அக்காவின் வரியை எடுத்தால் திறந்தது, போட்டால் மறுத்தது. பழைய எழுத்துருவில் நமக்கு 'ஈ' என்று தெரிவது, கணினிக்கு உள்ளே அம்பு முனை போன்ற '<' குறியாம். அந்தக் குறியைக் கண்டால் கோப்பு அதைக் கட்டளை என்று நினைத்துவிடுமாம். அதற்குப் பதிலாக வேறு நாலு குறி போட்டிருந்தால் போதுமாம். இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்று ஒருவரைக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். பட்டியலை எடுத்துப்போக வாசலில் வாகனம் வேறு நின்றது. வரியை எடுத்துவிட்டேன், கூடப் போகும் தாளில் அவர் பெயரைப் பேனையால் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். தாள் போகவில்லை, கோப்பு மட்டும் போனது.

காணி கிடைத்தவர்களின் பெயர் வாசித்த நாளில் ஈஸ்வரி அக்கா மத்தியானம் வரை வெயிலில் நின்றார்.

"பேர் இல்லை அம்மா. அடுத்த முறை பாப்பம்" என்றார் அதிகாரி.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதானேடி அடிச்சனி? என்ரை பேரை அடிக்கேல்லையோ?"

"ஓம் அக்கா, அடிச்சனான்."

அடித்ததென்னவோ உண்மைதான்.

"கேட்டியளோ ஐயா? உவள் அஞ்சாம் வகுப்பு. பொய் சொல்லவும் படிக்கேல்லை. பிழை உங்கடை பக்கம்தான்!"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

அடுத்த பட்டியல் வர இரண்டு மாரி போனது. சொந்தக் கிணற்றில் ஒருநாள் அள்ளிக் குளிக்கவேண்டும் என்றிருந்த அவர் புருஷன், அதற்குள் பண்டத்தரிப்பு வாடகை வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டார். செத்த வீட்டில் அக்கா என் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார். வரியை எடுத்ததை அப்போதும் நான் சொல்லவில்லை.

இப்போது அந்த எழுத்துரு இல்லை, கொட்டில் இல்லை. யூனிகோட்டாம், 'ஈ' உள்ளேயும் 'ஈ'தானாம். 'உங்கடை வரியை எடுத்தது நான்தான் அக்கா' என்று எழுதி முடித்தேன். ஒரு தடையும் வரவில்லை. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்பிய ஒரே ஆள்தான் இல்லை.