கம்பளித் தொட்டி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைக் கம்பளிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் கம்பளிகளை ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டி அவள் பொறுப்பு. ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்க ஒரு கூட்டாளி இருந்தாள். அவளைச் சூப்பர்வைசர் துணி மடிக்க அனுப்பிவிட்டார்.

“தண்ணியில பூ மாதிரி கெடக்கு. இதுக்கு ரெண்டு பேரா?” தொட்டிக்குள் கைவிட்டு, ஊறிய கம்பளியை இரண்டே விரலால் தூக்கிக் காட்டினார்.

பொய்யில்லை. முங்கிக் கிடக்கும்வரை தண்ணீர் அடியிலிருந்து தாங்கும். விளிம்பைத் தாண்டியதும் அந்தத் தாங்கல் போய்விடும். கம்பளியும் அது குடித்த தண்ணீரும் சேர்ந்து இடுப்பை முறிக்கும். அவள் தனியாகவே இழுக்க ஆரம்பித்தாள். அவள் வேலையில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஒருநாள் தம் கட்டி இழுத்தபோது அடிவயிற்றில் ஏதோ நழுவியது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். கருப்பை இறங்கி வெளியே வந்திருந்தது. பழைய துணியைக் கிழித்து இறுகக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

“என்ன கம்பளிக்காரி, வாத்துகிட்ட நடை பழகினியா?” என்று மடிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

கடைசியில் அதே வீட்டில் இருந்த ஓரகத்திதான், துவைக்கப் போட்ட துணியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா இது?”

“யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“சொல்லாம விட்டா உன்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்.”

அதே ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது, அவள் துவைத்த கம்பளி ஒன்று அவள்மேல் கிடந்தது. “இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதும்மா,” என்றார் டாக்டரம்மா. அத்தோடு வேலை போயிற்று.

வீட்டில் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் நிலையான வேலை கிடையாது. யாரும் யாரையும் கேட்காமலே ஓரகத்தி அந்தத் தொட்டிக்குப் போனாள்.

“விளிம்புலயே போட்டுத் தண்ணிய வடியவிடு. அப்புறமா இழு,” என்று கம்பளிக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள்.

“வடியற வரைக்கும் அந்தச் சூப்பர்வைசர் எங்க நிக்க விடறாருக்கா? பின்னாலயே நின்னு கத்தறாரு,” என்றபடி மாலையில் வந்து, சாப்பிடக்கூட எழாமல் குப்புறப் படுத்துவிட்டாள்.

கம்பளிக்காரி எண்ணெயைச் சூடாக்கி எடுத்துவந்து, அவள் இடுப்பில் தேய்க்க ஆரம்பித்தாள்.