மாட வீதியில் ஒரு பெரிய வண்டி

அடையாறு சிக்னலில் நான் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் போதும், பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு தலை வெளியே வரும். முன்சக்கரத்திலிருந்து பின்பெட்டி வரை நிதானமாகப் பார்க்கும். பிறகு, "இன்னா நைனா, எவ்ளோ குடுக்குது?" என்று கேட்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். பதினெட்டு என்பேன். அந்த முகம் சட்டென்று இழவு வீட்டுக்கு வந்த முகமாகிவிடும். "பதினெட்டா? இதுக்கு ஒரு காரே வாங்கியிருக்கலாமே!" பச்சை விழுந்ததும் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே போவார். மலேசியாவில், நம் ஈப்போவில் பெரிய மோட்டாரோடு நின்றால், "எதுவரைக்கும் போனீங்க?" என்று கேட்பார்கள். கிரிக் தாண்டி யானை குறுக்கே போகும் சாலை வரைக்கும், தாய்லாந்து எல்லை தாண்டி பெத்தோங் வரைக்கும் என்று நாமும் அளப்போம். இங்கே ஆறு வருடத்தில் எங்கே போனேன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேட்பதோடு விடவும் மாட்டார்கள். கடைக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் யாராவது என் பக்கக் கண்ணாடியைத் தங்கள் முகத்துக்குத் திருப்பித் தலை வாரியிருப்பார்கள். ஒரு தகப்பன் என்னைக் கேட்காமலே தன் மகளைத் தூக்கி இருக்கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். நம் ஊரில் அடுத்தவன் மோட்டாரைத் தொட்டால் கைகலப்புதான். முதல் வருடம் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் வருடம் கொஞ்சம் பெருமை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஈப்போ நண்பர்கள் சிலர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சென்னையில் ஒரு வீடு பிடித்துத் தங்கலாமா, அங்கே பெரிய டூரிங் மோட்டார் வைத்துக்கொண்டால் நன்மை என்ன, தொல்லை என்ன என்று எழுதிக் கேட்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வண்டியைப் பற்றி எழுதினால் கஸ்தூரியின் காலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

கஸ்தூரி என் மனைவி. பட்டினப்பாக்கத்தில் பிறந்தவள். அவள் அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவர். ஈப்போவுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவளை நான் கட்டிக்கொண்டேன். அம்மா படுக்கையில் விழுந்தார் என்று செய்தி வந்ததும், "நான் போறேன், நீ வர்றதுன்னா வா" என்றாள். போனேன். கணினியில் வரைபடம் வரையும் வேலை எனக்கு, எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். மாமியார் இரண்டு வருடம் இருந்து போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் நாங்கள் திருவான்மியூர் அடுக்ககத்திலேயே இருந்துவிட்டோம். எனக்கு இந்த ஊரில் ஒட்டவில்லை, ஒட்டாததும் பெரிதாகத் தெரியவில்லை. வந்த புதிதில் வாங்கிய அந்த வண்டி ஒன்றுதான் ஈப்போவில் இருந்த நான் இங்கேயும் இருக்கிறேன் என்பதற்குச் சாட்சி.

நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு விடியலில் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் புதுச்சேரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு மதியச் சமையலுக்குள் திரும்பிவிடலாம். பின்னிருக்கை சோபா மாதிரி, முதுகுக்குச் சாய்மானம் உண்டு. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போன கஸ்தூரி தஞ்சாவூர் வரை வலியில்லாமல் வந்தாள். நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய வஞ்சிரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, ஐஸ் போட்டுப் பக்கப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தாள். மீன் இரண்டு நாளில் தீர்ந்தது, வாசனை தீர மூன்று வாரம் ஆனது. இன்னொரு வசதியும் உண்டு. வண்டியின் திரையில் தலைக்கவசம் போல ஒரு சின்னப் படம் இருக்கும். தனியாகப் போனால் ஒன்று, ஆள் ஏறினால் இரண்டு என்று மாற்றி வைக்க வேண்டும். மாற்றினால் பின்பக்க ஸ்பிரிங் அந்த எடைக்குத் தக்கபடி தன்னை இறுக்கிக்கொள்ளும். நான் இரண்டிலேயே வைத்திருந்தேன். தனியாகப் போகும்போது வண்டி கொஞ்சம் உயரமாக, விறைப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொல்லைகளும் இருக்கின்றன. தி.நகரில் துணிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்தால், இன்ஜின் சூட்டில் வலது கெண்டைக்கால் வெந்துவிடும். கார் நிறுத்துமிடத்தில், "பைக்குக்கு அந்தாண்ட போ" என்பார்கள். பைக் நிறுத்துமிடத்தில், "இது இங்க நிக்காது சார், நாலு வண்டி எடம் அடைக்கும்" என்பார்கள். ஒரு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் பழகிவிடும். பழகாதது எடை ஒன்றுதான், இருநூற்று எழுபது கிலோ. ஓடும்போது அது பூனைக்குட்டி. நிற்கும்போது மட்டும் அதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை வரை இரண்டு விரலால் தாங்கலாம், அதைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் பயில்வானாலும் நிறுத்த முடியாது. ஈப்போவில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த சீனர் முதல் நாளே சொன்னது இதைத்தான். வண்டி நின்றாலும் கையை எடுக்காதே.

சென்னைக்காரர்கள் கையை எடுப்பார்கள். நீங்கள் இங்கே வந்தால் முதலில் கவனிப்பது இதைத்தான். ஸ்கூட்டரில் போகிறவர் கோயில் கோபுரம் தெரிந்ததும் ஒரு கையை விட்டு உதட்டைத் தொடுவார், நெஞ்சைத் தொடுவார், மறுபடி பிடித்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் கண்ணை மூடி, காலைச் செருப்பிலிருந்து பாதி உருவிக்கொள்வார். பேருந்து ஓட்டுநர்கூடச் செய்கிறார். பயமே இல்லை. நான் செய்ததில்லை. கஸ்தூரி கபாலி கோயிலுக்குள் போனாலும் நான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சாமிமேல் கோபம் எதுவும் கிடையாது. உள்ளே போய் என்னவென்று வேண்டிக்கொள்வது என்று தெரியாது, அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு மாலை, வடக்கு மாட வீதி முனையில் போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். சுவாமி புறப்பாடு. நாதஸ்வரம் முதலில் வந்தது, பிறகு தீவட்டிப் புகை, பிறகு தோள்களில் ஆடி ஆடி சுவாமி. எங்கள் வண்டிக்கு நேரே வந்ததும் தூக்கியவர்கள் ஒரு கணம் நின்றார்கள். சுற்றிலும் எல்லாக் கைகளும் மேலே போயின. எனக்கு அந்த நேரத்தில் என்ன ஆயிற்று என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. என் கைகளும் மேலே போய்விட்டன. ஒன்றல்ல, இரண்டும். தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டேன். அதே நொடியில் பின்னால் கஸ்தூரி செருப்பைக் கழற்ற வலது காலைத் தூக்கினாள். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நான் கையை இறக்கியபோது அது எல்லையைத் தாண்டிவிட்டது.

கஸ்தூரியின் இடது காலை அழுத்திக் கிடந்த வண்டியைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவர் சோடா கொடுத்தார். பூக்கடை அம்மா கஸ்தூரியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சாமி காப்பாத்திச்சி, காலோட போச்சி" என்றார். நம் நாட்டில் என்றால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனையில்தான் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி சொல்லிவிட்டாள்: "எம்மேலதான் தப்பு டாக்டர். செருப்பக் கழட்றேன்னு கால தூக்கினேன், வண்டி சாஞ்சிக்கிச்சி."

கணுக்காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதத்தில் நடந்தாள். ஆனால் இடது காலின் கடைசி இரண்டு விரல்களில் உணர்வு திரும்பவில்லை. வரும் சொந்தக்காரர் எல்லோரிடமும் அதே கதையைச் சொன்னாள், செருப்பு, கால், தன் புத்தி. ஒவ்வொரு முறையும் நான் தேநீர் போட உள்ளே போய்விடுவேன். முதலில் மிகவும் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய்விட்டது. அவள் விரலை ஊசியால் தொட்டு, "தெரியுதா?" என்று டாக்டர் கேட்பார். அவள், "இல்ல" என்பாள். பக்கத்தில் நிற்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. எட்டு மாதம் இப்படியே போயிற்று. உனக்குப் பயமாக இருக்கும், இனி இது வேண்டாம், விற்றுவிடலாம் என்று ஒரு நாள் சொன்னேன். அவள், "உன் வண்டி, உன் இஷ்டம்" என்றாள். நிஜக் காரணம் அவள் பயமில்லை. வண்டி போனால் அந்த ஒரு நொடியும் அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

வாங்க வந்தவர் ஆறுமுகம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் அண்ணன் தம்பிகளோடு துணிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறு காலை கடை திறப்பதற்கு முன் வந்து, எங்கள் அடுக்ககத்தின் கீழே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கஸ்தூரி தூணில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சேலை எடுக்க வந்தவர் விளிம்பைத் தடவுவதுபோல இடது பக்கப்பெட்டியைத் தடவினார். விரல் கீறலில் நின்றது.

"கீழ எங்கயும் போட்டியளா அண்ணாச்சி?"

கஸ்தூரி டம்ளரைக் கீழே வைத்தாள். "அது இன்னான்னா, நான் செருப்பக் கழட்றேன்னு கால..."

"இல்ல," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "அவ மேல தப்பு இல்ல. சாமி வந்துச்சு. நான் ரெண்டு கையையும் விட்டுட்டேன். கையில பிடிச்சிருந்தா வண்டி விழுந்திருக்காது."

ஆறுமுகம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "சாமி கும்பிட்டு விழுந்தது விழுந்த கணக்குல வராது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் அளவைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

கஸ்தூரி குரலை உயர்த்தவில்லை. "தெரியும்யா" என்றாள். "பின்னாடி உக்காந்துகினு உன் முதுகத்தான பாக்கறேன்? ரெண்டு கையும் மேல போனத நான் பாக்கல? வந்த நாளா கோயில் வாசல்ல வண்டி மேலயே குந்திக்கினு கெடப்ப. அன்னிக்கிதான் மொத தபா கும்புட்ட. அதப் பாத்துதான் எனக்கும் செருப்பக் கழட்டணும்னு தோணிச்சி. டாக்டராண்ட போய் இன்னான்னு சொல்லச் சொல்ற? எங்க ஆளு சாமி கும்புட்டாரு, அதான் உயுந்தோம்னா? அப்டி சொல்லியிருந்தா இன்னொரு தபா கும்புடுவியா நீ?" டம்ளரை எடுத்துக்கொண்டாள். "நீயா சொல்வன்னு எட்டு மாசமா பாத்துகினு கீறேன்." படியேறிப் போய்விட்டாள். இடது காலை மட்டும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆறுமுகம் வண்டியில் ஏறிப் பார்த்தார். "கால் எட்டலியே, உசரமால்லா இருக்கு?" என்றார். அவர் குட்டையானவரும் அல்ல. திரையைப் பார்த்தேன், இரண்டு தலைக்கவசங்கள். பொத்தானை அழுத்தி ஒன்றாக்கினேன். பின்பக்கத்தில் சிறு மோட்டார் முனகியது, ஒரு தலைக்கவசம் காணாமல் போனது. அவர் இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றினார். மறுநாளே வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

ஆகவே நண்பர்களே, வாங்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. நெடுஞ்சாலைக்கு வாங்குங்கள், மாட வீதிக்கு வாங்காதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் இந்த ஊரில் வாழ வந்தால் மாட வீதி வழியாகப் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இப்போது எங்களிடம் இருப்பது கஸ்தூரியின் ஸ்கூட்டர். அவள் ஓட்டுகிறாள், நான் பின்னால். எவ்வளவு கொடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் காய்கறி வாங்கப் போனபோது, வடக்கு மாட வீதி முனையில் கூட்டத்துக்காக நிறுத்தினாள். எதிரே கோபுரம். அவள் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்: "நீ கும்புடுய்யா. வண்டிய நான் புட்சிக்கினு கீறேன்."

வலது கை எழுந்து நெஞ்சு வரைக்கும் வந்தது. இடது கை பின்கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. எவ்வளவு சொல்லியும் அதை என்னால் விடவைக்க முடியவில்லை.