அரைத் தலைக்கட்டு

வேம்புக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். அந்த ஊர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

ஆலத்தியூருக்குப் பக்கத்தில், சிமெண்ட் ஆலையின் லாரி கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டில் பிறந்தவள். இந்த ஊருக்கு வாழ வந்தபோது பத்தொன்பது வயது. புருஷன் முத்துவேல் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். மகள் ஜோதி மூன்றாவது படிக்கும்போது லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த கையோடு ஊர் வேம்புக்குச் செய்த முதல் மரியாதை, அவள் வீட்டை அரைத் தலைக்கட்டு ஆக்கியது.

இந்தப் பக்கத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. ஆண் செத்து, பெண் மட்டும் மிஞ்சினால் அரை. வரி கொடுத்த வீட்டு வாசலில் தேர் நின்று தீபாராதனை காட்டும். வரி கொடுத்தவன்தான் ஊர்க்காரன். பாதி கொடுத்தால் போதும் என்பதைச் சலுகை என்று ஊரார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேம்புக்கு அது சலுகையாகப் படவே இல்லை. விடியுமுன் எழுந்து மாவு கரைத்து, நாள் முழுக்க அடுப்பில் வெந்து, மகளை வளர்த்து ஆளாக்கியவள் எப்படி அரை ஆளாவாள்? வருஷா வருஷம் பாதி வரியைக் கொடுக்கும்போது வயிறு எரியும். கொடுத்துவிட்டு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைப்பாள்.

ஊர் என்றால் சும்மா இல்லை. தெருவைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. மேலத்தெருவில் இன்னார், கீழத்தெருவில் இன்னார், வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற நாலு குடும்பம் குளத்தங்கரையில், பள்ளிவாசல் பக்கம் பாய் வீடுகள், ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலனியில் மட்டும் வரியும் வாங்க மாட்டார்கள், தேரும் அங்கே போகாது, வடத்தைத் தொடவும் விட மாட்டார்கள். அது ஏன் என்று வேம்புவும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் வாசலுக்கு வந்தபோதுதான் அவளுக்குச் சுட்டது.

ஆலை வந்த பிறகு லைன் வீடுகள் வந்தன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் என்று நாலு திசைப் பையன்கள். ஊருக்கு அத்தனை பேரும் இந்திக்காரன்தான். ஒருத்தன் பாஷை இன்னொருத்தனுக்குப் புரியாது என்பதெல்லாம் ஊருக்குத் தேவையில்லாத சங்கதி. அவர்களில் ஒருவன் சுதர்சன். ஒடிசாக்காரன், மூட்டை கட்டுகிற பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. ஆறு வருஷம் வேம்பு கடையில் சாப்பிட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். சட்னி கேட்கிற சாக்கில் தமிழ் கற்றுக்கொண்டான். பிறகு ஜோதியையும் கேட்டான்.

வேம்பு முதல் நாள் அவனைக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினாள். மறுநாள் உட்காரவைத்துப் பேசினாள். சிறுவாச்சூர் கோயிலில் தாலி கட்டியது, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தது எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. பெண் குழந்தையும் பிறந்தது. ஊர்த் தேர் வாசலில் நிற்கும்போது குழந்தையை அம்மனுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவதாக ஜோதி வேண்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் காப்புக் கட்டுவதற்கு முன்பே வேம்பு வரியை எடுத்துக்கொண்டு அய்யம்பெருமாள் வீட்டுக்குப் போனாள். அவர்தான் விழாக் கமிட்டித் தலைவர். முத்துவேலுக்குப் பெரியப்பா மகன்.

"மாமா, இந்த வருசம் முழு வரி. வூட்ல ஆம்பள இருக்காரு."

"யாரு?"

"இது என்னா கேள்வி? என் மருமவன்."

அய்யம்பெருமாள் சிரித்தார். "அவன் என்ன ஆளுன்னே தெரியாதே வேம்பு."

"ஒடிசாக்காரரு."

"அது ஊரு. ஆளு என்னன்னு கேக்குறேன். எந்தத் தெருவுல வச்சு எண்ணுறது?"

"என் தெருவுலதான். என் வூட்லதான சோறு திங்கிறாரு?"

"இன்னிக்கி இருப்பான். நாளைக்கி மூட்டையக் கட்டிக்கிட்டு ரயில் ஏறிடுவான். நீ எப்பவும் போல அரை வரி குடுத்துட்டுப் போ."

"ஏறிப் போனது ஒங்க மவன் மாமா. பிளேன் ஏறிப் போயி நாலு வருசமாச்சு. அவன் வூட்டுக்கு முழு வரி வாங்குறீங்கல்ல?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மகன் அஜித்குமார் பெண்டாட்டி பிள்ளையோடு சிங்கப்பூரில் இருக்கிறான். வேம்பு வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. மாடி வைத்து, டைல்ஸ் போட்டு, பூட்டிக் கிடக்கிறது. அவனுடைய வரி வருஷா வருஷம் போனிலேயே வந்துவிடும். ஊரில் பாதி வீட்டுக் கதை இதுதான். திருப்பூர், சென்னை, துபாய் என்று போனவர்கள் எல்லாரும் முழுத் தலைக்கட்டு. இருக்கிறவனைத்தான் எண்ண மாட்டார்கள்.

"அவன் இந்த மண்ணுல பொறந்தவன்" என்றார் அய்யம்பெருமாள்.

"என் பேத்தியும் இந்த மண்ணுலதான் பொறந்துச்சு. முழுசு வாங்குங்க, இல்லாட்டி ஒண்ணும் வேணாம்."

"அப்ப ஒண்ணும் வேணாம். தேரு ஒன் வாசல்ல நிக்காது."

வேம்பு தெருவில் நடந்து வரும்போது எதிரே வந்த நாய்கூட ஒதுங்கிப் போனது. வீட்டில் ஜோதி அழுதாள். சுதர்சன் மட்டும், "விடுங்க அத்தை. சண்டை வேண்டாம். நான் இருக்கேன்ல" என்றான். அவனுக்குக் கோபமே வராது. கோபப்பட்டால் வேலை போகும், அறை போகும், போலீஸ் வரும் என்று பதினெட்டு வயதில் ரயிலேறி வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டவன். அது தெரிந்தும், அந்தப் பொறுமையைக் கண்டாலே வேம்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் அய்யம்பெருமாள் கடைக்கு வந்தார். வேம்பு பக்கம் திரும்பவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த சுதர்சனைக் கூப்பிட்டார்.

"தம்பி, தேருக்கு வழக்கம் போல ஒரு முப்பது பசங்களக் கூட்டிக்கிட்டு வந்துடு."

"சரிங்க" என்றான் சுதர்சன்.

வேம்பு கையிலிருந்த டம்ளர் சுவரில் பட்டு நெளிந்தது. வழக்கம் போல! மூன்று வருஷமாகவே ஊரில் வடம் பிடிக்க வாலிபப் பிள்ளைகள் இல்லை. லைன் வீட்டுப் பையன்கள்தான் இழுக்கிறார்கள். அவர்கள் என்ன ஆள் என்று அதற்கு மட்டும் யாரும் கேட்கவில்லை. காலனிக்காரன் கை பட்டால் தேர் தீட்டாகிவிடும். இவர்கள் யாரென்று தெரியாது. தெரியாதது வசதியாக இருந்தது.

தேர் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் தப்பாட்டம், பின்னால் வேப்பிலைக் கூட்டம், வடத்தில் முப்பது வடநாட்டுப் பையன்கள், அவர்களோடு சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்ட சுதர்சன். வடத்தின் நுனியைத் தொட்டுக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர். வேம்பு வாசலில் கோலம் போட்டு, தேங்காய் பழத்தோடு நின்றாள். ஜோதி இடுப்பில் குழந்தை, புதுப் பாவாடை கட்டியிருந்தது.

தேர் அஜித்குமார் வீட்டு வாசலில் நின்றது. முட்டுக்கட்டை போட்டார்கள். அய்யம்பெருமாள் சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டார். போனை யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டுமே? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தம்பி, நீதான் ஒசரம்" என்று சுதர்சன் கையில் கொடுத்தார். அவன் பணிவாக வாங்கித் தலைக்கு மேல் பிடித்தான். பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தி, அந்தப் பெரிய தேக்குக் கதவில் தொங்கிய பூட்டுக்குத் தீபாராதனை காட்டினார். அடுத்த வாசலில், பத்தடி தள்ளி, உயிரோடு நாலு பேர் இருக்கிற வீட்டுக் குழந்தை அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது.

வேம்பு குழந்தையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று அந்தப் பூட்டிய வீட்டுப் படியில் ஏறிக் கதவை மறைத்து நின்றாள்.

"பூட்டுக்குக் காட்டுறத இதுக்குக் காட்டு" என்றாள் பூசாரியிடம்.

பூசாரி தட்டோடு அய்யம்பெருமாளைப் பார்த்தார். அவர் தலையை அசைக்கவில்லை. பூசாரி நிமிர்ந்து, குழந்தையின் தலைக்கு மேலே, கதவு நிலைக்கு ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத் தட்டை இறக்கினார். குழந்தையின் முகத்துக்கு நேரே தட்டு வரவே இல்லை.

"எடுங்கப்பா, வடத்தப் புடிங்க!" என்று அய்யம்பெருமாள் கத்தினார்.

முட்டுக்கட்டையை எடுத்தார்கள். சுதர்சன் போனை அவரிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, வடத்தை எடுத்தான். தேர் நகர்ந்தது. வேம்பு வாசலுக்கு நேராக வந்தது. அவன்தான் இழுத்தான். தன் மகளைத் தாண்டிப் போகிற தேரைத் தானே பல்லைக் கடித்து இழுத்தான்.

ஊர் செய்ததைக்கூட வேம்பு தாங்கிக்கொண்டிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. குழந்தையை ஜோதியிடம் கொடுத்துவிட்டுப் போய் அவன் கைமேல் கை வைத்தாள்.

"விடு."

"அத்தை, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். விடுடா! ஒனக்கு மானம் இல்லாட்டிப் போவுது, அந்தப் புள்ளைக்கு இருக்கு."

மருமகனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை விட்டான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் விட்டான். முப்பது பேரும் அவள் கடையில் சாப்பிடுகிறவர்கள். ஒவ்வொருவராக வடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றார்கள். தேர் அவள் வாசலில் நின்றது.

"இப்ப இழுங்க மாமா" என்றாள் வேம்பு. "ஊர்க்காரங்க எல்லாம் சேந்து இழுங்க."

பெரியவர்கள் பத்துப் பேரும் இழுத்துப் பார்த்தார்கள். வேட்டிகள் அவிழ்ந்ததுதான் மிச்சம். தப்புச் சத்தம் நின்றது. அய்யம்பெருமாளின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"சரி, சரி. பூசாரி, அந்தப் புள்ளைக்கித் தீவத்தக் காட்டித் தொலைங்க."

"தீவம் அப்பறம்" என்றாள் வேம்பு. "மொதல்ல வரிய வாங்குங்க. முழு வரி. என் மருமவன் பேர்ல."

"கமிட்டி கூடாம அதெல்லாம் முடியாது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அப்ப அடுத்த வருசம் வரைக்கும் தேரு இங்கயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வேம்பு வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.