ஏழு வீட்டுத் தியான நோட்டு

என் தங்கையின் பேரன் எனக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்து, குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டான். விடிந்தால் போதும், டிங் டிங் என்று வசனங்கள் வந்து விழுகின்றன. பின்னால் சூரியன் உதிக்கும், இல்லாவிட்டால் ஒரு ரோஜாப்பூ. வசனத்துக்குக் கீழே பத்து வரியில் தியானம், அதற்குக் கீழே வரிசையாக ஆமென், ஆமென். போன வாரம் அந்தக் குழுவில் ஒரு பெண், 'மனசே சரியில்லை, யாராவது போன் பண்ணுங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தாள். கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன. போன் பண்ணினது யார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

மேலே வசனம், கீழே தியானம். இதெல்லாம் என்னவோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பிள்ளைகள் ஆடுகிறார்கள். ராயபுரத்தில் இதை நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்தோம். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது.

ராயபுரம் ஸ்டேஷனுக்கு வடக்கே தண்டவாளத்தை ஒட்டி ஏழு ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஏழும் எங்கள் சபைக் குடும்பங்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கருப்பட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வீடு முழுக்கக் கருப்பட்டி வாசனை, எறும்பு வேறு. காற்று திரும்பினால் காசிமேட்டுக் கருவாடு, இன்னும் கொஞ்சம் திரும்பினால் எஞ்சின் கரிப்புகை. நான் தண்டையார்பேட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். வயது இருபத்திரண்டு. எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு.

ஏழாவது வீட்டில் உபதேசியார் இருந்தார். சபையில் பாதிரியாருக்கு அடுத்தபடியாக, வீடு வீடாகப் போய் வேதம் சொல்லுகிறவர். நல்ல மனுஷர். மழையோ வெயிலோ குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடப்பார். நோட்டு அவருடைய யோசனை. "வேதத்தை வாசிக்கிறது பெரிசில்லம்மா. அதும்படி நடக்கணும். நடந்ததை எழுதணும். எழுத ஒண்ணும் இல்லேன்னா நமக்கே வெக்கம் வரும் பாரு" என்றார். ஞாயிறு முதல் சனி வரை ஒரு வீட்டுக்கு ஒரு நாள். பக்கத்தின் தலைப்பில் அவரே வசனத்தை எழுதி வைத்திருப்பார். அதற்குக் கீழே தியானம். அதற்கும் கீழே 'நான் செய்தது' என்று ஒரு பத்தி. மறுநாள் காலையில் நோட்டை அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

தியானத்தைக்கூட எழுதிவிடலாம். இந்த 'நான் செய்தது' இருக்கிறதே, அதுதான் எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது. தினம் தினம் என்னத்தைச் செய்வது? அதனால் பிச்சைக்காரனுக்குச் சோறு போட்டேன் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு பிச்சைக்காரன். அவனும் சீக்கிரமே விஷயத்தைப் புரிந்துகொண்டான். வரிசையின் முனையில் நின்று, "நோட்டு இன்னிக்கு யார் வூட்ல கீது தாயி?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். ரேஷன் அரிசிக் காலத்தில் ராயபுரத்திலேயே ஒழுங்காகச் சாப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

என் பக்கங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் அழகாக எழுதுவேன். குண்டு குண்டாக, கோடு போட்ட மாதிரி கையெழுத்து. 'ஆண்டவரின் அன்பென்னும் சமுத்திரத்திலே' என்று ஆரம்பித்தேன் என்றால் கரைக்கு வர ஒன்றரைப் பக்கம் ஆகும். தலைமையாசிரியையை மன்னித்துவிட்டதாக ஒரு வெள்ளிக்கிழமை உருக்கமாக எழுதினேன். அந்த அம்மாளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உபதேசியார் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்களுக்கு முந்தின வீடு, ஐந்தாவது, எஸ்தருடையது. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் புருஷன் ஆரோன் ஹார்பரில் கிரேன் ஓட்டினான். அவனுக்கு என்ன குரல் தெரியுமா! ஞாயிற்றுக்கிழமை அவன் பாட எழுந்தால் சபையே நிமிர்ந்து உட்காரும். உபதேசியாருக்கு அவன் வலது கை. குடிக்க மாட்டான், பீடி கிடையாது. வேலை முடிந்து வந்ததும் எஸ்தரை அடிப்பான். அது மட்டும்தான்.

சுவர் ஒன்று என்று சொன்னேன் அல்லவா? எங்கள் சாயங்கால ஜெபத்தின் நடுவில் அந்தச் சத்தம் கேட்கும். முதலில் பாத்திரம் விழும், அப்புறம் அவள் குரல். உடனே அப்பா அடுத்த பாட்டை உரக்க எடுப்பார். நாங்களும் சேர்ந்துகொள்வோம். அந்தப் பக்கம் நாலாவது வீட்டிலும் அதே நேரத்தில் பாட்டு உயரும். ஏழு வீட்டுக்கும் காது இருந்தது. பாடி முடிக்கும்போது அங்கேயும் அடங்கியிருக்கும். சில நாள் ஆரோனே முகம் கழுவிக்கொண்டு வந்து எங்களோடு கடைசிப் பாட்டைப் பாடுவான்.

எஸ்தர் நோட்டில் ஒரே ஒரு வரிதான் எழுதுவாள். 'வசனம் படிச்சோம். ஸ்தோத்திரம்.' அவ்வளவுதான். வழக்கமாக நோட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். அன்றைக்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவளே வந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இத்த படிச்சிப் பாருங்க."

"சாயங்காலம் பார்க்கிறேன் எஸ்தர், பஸ் போயிடும்."

"மொத ஆளா நீங்கதான் படிக்கப் போறீங்க. அதான் நானே எட்த்துகினு வந்தேன்." அப்புறம் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் திறந்தேன். அந்த வியாழனுக்கு உபதேசியார் குறித்திருந்த வசனம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லுவது. அதற்குக் கீழே எஸ்தர் எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து என்னால் சொல்ல முடியும்.

'அவர் என்ன அடிக்கிறார். வயித்துல நாலு மாசம் புள்ள கீது, அங்கியே ஒதைக்கிறார். பாரம் சொமக்கணும்னு இதுல போட்டுகீது. யாராவது எங்கூட்டுக்கு வந்து, ஏன் அடிக்கிறேன்னு அவர ஒரு வார்த்த கேளுங்க.'

'நான் செய்தது' என்ற இடத்தில், 'இத எழுதினேன்' என்று இருந்தது.

எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லுகிறேன். இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நல்ல நோட்டை இப்படிப் பாழாக்கிவிட்டாளே என்று கோபம். வேதவசனத்துக்குக் கீழே எழுதுகிற விஷயமா இது? இதை உபதேசியார் படித்தால் ஆரோன் முகத்தில் எப்படி முழிப்பார்? ஆரோனுக்குத் தெரிந்தால் அவளைக் கொன்றே போடமாட்டானா? இப்படி நியாயங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. அம்மாவிடம் காட்டவில்லை, சும்மா பொதுவாகக் கேட்டேன், எஸ்தர் வீட்டில் போய்ப் பேசினால் என்ன என்று.

"ஏட்டி, அது புருசன் பொண்டாட்டி வெவகாரம். இன்னைக்கு அடிச்சிக்கிடுவாவ, நாளைக்குக் கூடிக்கிடுவாவ. நீ கல்யாணம் ஆகாத பிள்ளை, உனக்கு என்னத்துக்கு அந்தப் பேச்சு? ஜெபம் பண்ணு, போதும்" என்றாள் அம்மா.

போதும் என்று அவள் சொன்னது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது! பள்ளிக்கூடத்து வெள்ளைத்தாள் ஒன்றை அந்தப் பக்கத்தின் அளவுக்கு வெட்டினேன். நாலு பருக்கைச் சோற்றைப் பிசைந்து, எஸ்தரின் எழுத்து கொஞ்சமும் தெரியாதபடி அந்தத் தாளை ஓரம் ஓரமாக ஒட்டினேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டுவேலை சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, ஒரு சுருக்கம் விழவில்லை. உபதேசியார் எழுதிய வசனம் மட்டும் மேலே தெரிந்தது. காய்ந்ததும் அதன்மேல் பேனாவை எடுத்து ஒரு தியானம் எழுதினேன். பிறர் பாரம் சுமப்பதைப் பற்றித்தான். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எழுதினதில்லை.

சனிக்கிழமை நோட்டு உபதேசியார் வீட்டுக்குப் போயிற்று. ஒட்டின தாளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மை கொட்டிவிட்டது என்று நினைத்திருப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் மரத்தடியில் நிறுத்தி, என் தியானத்தை முழுசாக வாசித்தார்.

"டீச்சர் எழுதினா அப்டியே உள்ள பூந்து புடிக்குது ஐயா" என்றான் ஆரோன். மனதாரத்தான் சொன்னான். பக்கத்தில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். தன் நாலு வரியை எப்போது வாசிப்பார் என்று உபதேசியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் நோட்டு அவளிடம் போய்த்தானே ஆக வேண்டும்? இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அந்த லட்சணம் இது. வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். அழுதிருக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"உங்க கையெயுத்து ரொம்ப அழகா கீது டீச்சர்" என்றாள்.

கிண்டல் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைய பக்கத்தில் பழையபடி, 'வசனம் படிச்சோம். ஸ்தோத்திரம்.'

பிள்ளை தங்கவில்லை. ஐந்தாம் மாதம் முடிவதற்குள் போய்விட்டது. ஏழு வீட்டிலிருந்தும் பொம்பளைகள் பன் ரொட்டியும் சாத்துக்குடியுமாகப் போய்ப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு வசனம் சொன்னோம். கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன், அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து. ஆரோன் வாசலில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான். அவனையும் தேற்றிவிட்டுத்தான் வந்தோம். அந்த வாரம் முழுக்க நோட்டில் 'நான் செய்தது' என்ற இடத்தில் எல்லா வீட்டிலும் ஒரே விஷயம்: துயரப்பட்ட சகோதரிக்கு ஆறுதல் சொன்னோம்.

கொஞ்ச நாளில் ஆரோனுக்கு எண்ணூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். அம்மா கூப்பிட்டாள், "வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்" என்று. தலைவலி என்றேன்.

ஒரு வருஷம் இருக்கும். உபதேசியார் ஒரு மத்தியான நேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். "எஸ்தர் கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டாம்மா. படியில தவறி விழுந்துட்டாளாம். மறுபடி பிள்ளைத்தாச்சியா வேற இருந்திருக்கா" என்றார். நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆரோன் ஒடிஞ்சி போயிட்டான். ஞாயித்துக்கிழமை நினைவு ஆராதனையில வாசிக்க நீ ரெண்டு வரி எழுதிக் குடும்மா. நீ எழுதினாத்தான் அவனுக்கு ஆறுதலா இருக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒட்டின தாளைக் கிழித்துப் பாருங்கள் ஐயா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எழுதித் தீர்ந்த அந்த நோட்டு பக்கத்து வீட்டில், அவருடைய அலமாரியில்தான் இருந்தது.

எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். அதைக் கேட்டு ஆரோன் தேம்பித் தேம்பி அழுதான். எண்ணூரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் படியே கிடையாது, தரையோடு தரையான வீடு என்று பிற்பாடு ஒருவர் சொல்லக் கேட்டேன். அதையும் கேட்டுக்கொண்டேன்.

அந்த வரிசை இப்போது இல்லை. எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. பிச்சைக்காரன் எந்த வருஷம் வராமல் நின்றான் என்றுகூட யாருக்கும் ஞாபகமில்லை. அப்பா, அம்மா, உபதேசியார் எல்லோரும் போய்விட்டார்கள். ஆரோன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, வேறொரு சபையில் மூப்பராக இருந்து, நிறைந்த வயதில் செத்தான். நோட்டு எந்தக் கடையில் எதைக் கட்டப் பொட்டலமாயிற்றோ. அந்த நாலு வரியைப் படித்தது எழுதினவளைத் தவிர நான் ஒருத்திதான். எழுதுவது எனக்கு எப்போதுமே சுலபம். பாருங்கள், இதைக்கூட எவ்வளவு கோர்வையாக எழுதிவிட்டேன். ஏன் அடிக்கிறாய் என்று ஆரோனை ஒரு வார்த்தை கேட்கத்தான் கடைசிவரை யாரும் போகவில்லை.