வெள்ளரிக்கு எண்ணெய்க் குளியல்

டேய் குள்ளா! நம் தெருவிலேயே உயரமானவன் நீ. உனக்கு எதற்கு அந்தப் பெயர் வந்தது என்று உன் அம்மாவுக்கே தெரியாது. மஞ்சள் காமாலையில் நீ போய்ச் சில மாதம் ஆகிறது. இன்னமும் ஜோகுபாளையத்தில் பஸ் ஏறினால் பக்கத்துச் சீட்டில் டிபன் டப்பாவை வைத்து உனக்கு இடம் பிடிக்கிறேன். கண்டக்டர் திட்டுகிறார்.

செடி ஆராய்ச்சி செய்யும் இடத்தில் நாம் இரண்டு பேரும் தினக்கூலி. எனக்கு மண் சலிக்கிற வேலை, உனக்குக் குளிர் அறை. ஆள் நடமாடுகிற அளவு பெரிய ஃபிரிட்ஜ் அது. சாயங்காலம் வெள்ளரி நாற்றுத் தட்டுகளை உள்ளே வைக்கணும், காலையில் வெளியே எடுக்கணும். எது குளிர் தாங்குகிறது என்று மேடம் பார்ப்பார். அவர் படிப்புக்கு அதுதான் ஆராய்ச்சி. நீ குரங்குக் குல்லாவும் உன் அக்காவின் பூப்போட்ட ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு உள்ளே போவாய்.

அதற்கு முன்னே பேக்கரி, பஞ்சர் கடை, லாண்டரி, எங்கேயும் உன்னை ஒரு மாதம் தாண்டி வைத்துக்கொள்ளவில்லை. இங்கேதான் நிலைத்தாய். "எம் பையன் சயின்ஸ் ஆபீஸ்ல இருக்கான்" என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இந்த வேலையும் போனால் எந்த மூஞ்சியோடு வீட்டுக்குப் போவது என்பதுதான் உன் பயம்.

வாடின நாற்றைப் பார்த்தால் உனக்குத் தாங்காது. ஒருநாள் மேடத்திடமே காரணம் கேட்டாய். அவரும் பெங்களூர்த் தமிழ்தான். திட்டும்போது மட்டும் கன்னடம்.

"டிசம்பர்ல உங்க வீட்டு தேங்கா எண்ணெ என்னாகுது?"

"கல்லாட்டம் ஆயிடும் மேடம். வெயில்ல வெச்சாதான் உருகும்."

"நல்லெண்ணெ?"

"அது அப்டியேதான் இருக்கும்."

"அதேதான். இலைக்குள்ள சின்னச் சின்ன அறை. எல்லாத்துக்கும் கொழுப்பால ஆன தோல். வெயில வாங்கி சாப்பாடு செய்யிற இடத்துக்கும் தோல் அப்டித்தான். குளிர் தாங்காத செடியில அது தேங்கா எண்ணெ மாதிரி இறுகிடும், சமையல் நின்னுடும். அப்போ பளிச்சுனு வெயிலும் பட்டா இலை கருகிடும். தாங்குற செடியில நல்லெண்ணெ மாதிரி இளகியே இருக்கும். புரிஞ்சுதா?"

"சூப்பரா புரிஞ்சுது மேடம்."

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சனிக்கிழமை மேடம் வரவில்லை. குளிர் அறையிலிருந்து எடுத்த தட்டுக்கு முன்னே நீ குந்தியிருந்தாய். கையில் நல்லெண்ணெய் பாட்டில். ஒவ்வொரு இலையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னடா பண்றே?"

"சனிக்கெழமை இல்லியா குரு? எண்ணெ குளியல்."

"உள்ளாற இருக்கிற கொழுப்புன்னு சொன்னாங்கடா. நீ மேல தேய்க்கிறே?"

"நமக்கு மட்டும் மண்டைய பொளந்தா ஊத்தறாங்க? மேல தேய்ச்சாதான் உள்ள எறங்கும்."

நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

"சீயக்கா?"

"கொண்டாந்திருக்கேன். கண்ணுல படாம போடணும்."

"வெள்ளரிக்கு ஏதுடா கண்ணு!"

குளிப்பாட்டிவிட்டு, ஈரம் காயட்டும் என்று தட்டோடு தூக்கிப் போய் உச்சி வெயிலில் வைத்தாய். திங்கட்கிழமை இலையெல்லாம் தீய்ந்த அப்பளம்.

மேடம் ஒரு இலையை முகர்ந்து பார்த்தார். "யார் பண்ணது?"

ஓடிவிடுவாய் என்று நினைத்தேன். நீ குல்லாவைக் கழற்றிவிட்டு நின்றாய். "நான்தான் மேடம். பாவமா இருந்துச்சு."

"அய்யோ தேவ்ரே! நின்கே புத்தி இதியேனோ? எண்ணெ இலையோட மூச்ச அடைச்சிடும்டா! குளிர்லேர்ந்து எடுத்து நேரா வெயில்ல வேற வெச்சியா? சீயக்காவுமா போட்டே?"

"லைட்டாதான் மேடம்."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அவ்வளவு நாள் வேலை போய்விட்டதே. நீயும் அழுதாய். உங்களைப் பார்த்து நானும்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு விதைப் பொட்டலத்தை உன் கையில் வைத்தார். "மறுபடி போடு. நீயே வளத்துக் குடு. தேய்க்கக் கூடாது, தடவக் கூடாது."

அந்த நாற்றெல்லாம் நன்றாக வந்தது. அது இரண்டு இலை விட்டபோதுதான் நீ படுத்தாய். ஆஸ்பத்திரியில் உன்னை நான் பார்க்க வந்தபோது என்னை எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. "தட்ட எடுத்து மொதல்ல நெழல்ல வெச்சியா?" என்றுதான் கேட்டாய். வைத்தேன்டா.

இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் கோயிலுக்குப் போனாலும் சரி, புத்த விகாரைக்குப் போனாலும் சரி, என் சிநேகிதனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்திலும் அவன் ஏதாவது பண்ணித்தான் வைப்பான். அதற்காக அவனை வெளியே அனுப்பிவிடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.